அட்டைப்பெட்டிக்கு அனுப்பிய 4,86,000 ரூபாய்: ஒரு மின்னஞ்சல் அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள மண்டபம் என்ற ஊரில் நண்டு இறைச்சியைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் பதினொரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். 2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி அளவில், நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து 4,86,000 ரூபாயை முன்பின் தெரியாத ஒருவருடைய கணக்கிற்கு என் கையாலேயே அனுப்பி வைத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. ஓ.டி.பி. கேட்டு யாரும் தொலைபேசியில் பேசவில்லை. பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்த மூன்று மின்னஞ்சல்கள் மட்டுமே வந்தன. ஏமாந்தது தெரிந்த பிறகு மூன்று நாட்கள் நான் தனியாக இதைச் சுமந்தேன். அந்த நாட்களில் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல யாராவது இருந்திருந்தால் எவ்வளவு பணமும் எவ்வளவு தூக்கமும் மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். என்னைப் போல அலுவலக மேசையில் உட்கார்ந்து நாளுக்கு நாற்பது ஐம்பது மெயில் பார்ப்பவர்களுக்காக இதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நண்டு மட்டுமே கம்பெனிக்கு வரும். நண்டு உடைக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. தடை முடிந்து படகுகள் போய்த் திரும்பினால் வரத்து ஒரேயடியாகக் கூடிவிடும் என்பதால், அதற்கு முன்பே டப்பா, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட வேண்டும். ஆகவே ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் எனக்கு எப்போதும் நெருக்கடியானவை. அட்டைப்பெட்டிகளைச் சிவகாசியில் ஒரே இடத்தில் ஆறு ஆண்டுகளாக வாங்கி வருகிறோம். பாதித் தொகையை முன்பணமாக அனுப்பினால்தான் அவர்கள் அச்சுக்கு ஏற்றுவார்கள். என் கணவர் விசைப்படகில் வேலை பார்ப்பதால் தடைக்காலத்தில் எங்கள் வீடு என் சம்பளத்தில்தான் ஓடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் மூன்று நாட்கள் வாய் திறக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் போனது ஜூன் மாதத்தில் என்றாலும் திருட்டு தொடங்கியது மே 21ஆம் தேதி. அன்று மதியம் எங்கள் மின்னஞ்சல் சேவையிலிருந்து வந்ததுபோல ஒரு மெயில் வந்தது. உங்கள் அஞ்சல் பெட்டி 98 சதவீதம் நிறைந்துவிட்டது, இன்று மாலைக்குள் இடத்தை அதிகரிக்காவிட்டால் புதிய அஞ்சல்கள் வராது என்று அதில் எழுதியிருந்தது. மேலே அந்தச் சேவையின் சின்னம், நடுவில் சிவப்பு நிறத்தில் நிரம்பி வழியும் ஒரு பட்டை, கீழே நீல நிறப் பொத்தான். பொத்தானுக்கு அடியில், அது வேலை செய்யாவிட்டால் இந்த லிங்க்கை அழுத்தவும் என்று சேவையின் உண்மையான முகவரியே முழுதாக எழுதப்பட்டிருந்தது. அந்த முகவரியை நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். அது சரியாக இருந்தது. அதனால்தான் அழுத்தினேன். திறந்த பக்கம் நான் தினமும் காலையில் பார்க்கும் உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே இருந்தது, கடவுச்சொல்லைக் கொடுத்தேன், ஒரு நொடி சுற்றியது, பிறகு என் அஞ்சல் பெட்டியே திறந்தது. வேலை முடிந்தது என்று அந்த மெயிலை அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அன்று ஒரே ஒரு எச்சரிக்கை இருந்தது, அதை நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கமாக என் கணினியே கடவுச்சொல்லைத் தானாக நிரப்பிவிடும். அன்று கட்டம் காலியாக இருந்ததால் டைரியைப் பார்த்துக் கையால் தட்டினேன். பிரவுசர் தான் சேமித்து வைத்த கடவுச்சொல்லை எந்த முகவரிக்கு உரியதோ அந்த முகவரியில் மட்டுமே நிரப்பும். பக்கத்தின் தோற்றம் என்னை ஏமாற்றியது, கணினியை ஏமாற்றவில்லை. தானாக நிரம்ப வேண்டிய கட்டம் ஒருநாள் காலியாக இருந்தால், டைரியைத் தேடுவதற்கு முன் மேலே உள்ள முகவரியைப் பாருங்கள்.

சரியான முகவரியைப் படித்த பிறகும் நான் எப்படித் தவறான இடத்துக்குப் போனேன் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. சென்னையில் கணினி வலையமைப்பு வேலையில் இருக்கும் என் சித்தப்பா மகன் பின்னால் ஊருக்கு வந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினான். மின்னஞ்சல் தொடக்கத்தில் வெறும் எழுத்தாக மட்டுமே இருந்தது. 1992இல் வந்த மைம் என்ற விதிமுறைதான் ஒரே அஞ்சலுக்குள் படமும் கோப்பும் பலவகை உள்ளடக்கமும் வைக்க வழி செய்தது. அதன் வழியாகப் பிறகு இணையப் பக்கங்களை எழுதும் அதே எச்.டி.எம்.எல். மொழியில் கடிதம் அனுப்பும் வழக்கம் வந்தது. எழுத்துக்கு நிறம், அட்டவணை, பொத்தான், கம்பெனிச் சின்னம் எல்லாம் அந்த மொழியின் வேலை. அந்த மொழியில் ஒரு லிங்க் என்பது இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் எழுத்து. மற்றொன்று அழுத்தினால் போய்ச் சேரும் இடம். இந்த இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மேலே வங்கியின் முகவரியை எழுதிவிட்டு அடியில் திருடனின் முகவரியை வைக்கலாம். நான் எழுத்தெழுத்தாகப் படித்தது மேலே இருந்ததை. என் சுட்டி போனது அடியில் இருந்ததற்கு. இதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பள்ளிக்கூடத்தில் படித்த நாள் முதல், எழுதியிருப்பதைக் கவனமாகப் படி என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கவனமாகப் படித்தும் பிழையாகிப்போகும் ஒரு கடிதம் உண்டு என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கணினியாக இருந்தால் லிங்க்கின் மேல் அழுத்தாமல் அம்புக்குறியை மட்டும் வைத்தால், திரையின் கீழ் ஓரத்தில் உண்மையான முகவரி தெரியும். கைப்பேசியில் விரலை எடுக்காமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முகவரி ஒரு சிறு பெட்டியில் வரும். முகவரியைப் படிக்கும்போது இடமிருந்து தொடங்கி நமக்குப் பழக்கமான பெயர் கண்ணில் பட்டதும் நின்றுவிடக் கூடாது. தொடக்கத்தில் உள்ள https:// என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டிற்குச் சற்று முன்னால் இருக்கும் கடைசிப் பகுதிதான், அதாவது .com போன்ற முடிவும் அதை ஒட்டி முன்னால் நிற்கும் பெயரும்தான், அந்தத் தளத்தின் உரிமையாளரைக் காட்டும். அதற்கு முன்னால் எந்த வங்கியின் பெயரையும் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் விட எளிய வழி ஒன்று உண்டு: அஞ்சல் பெட்டி, வங்கி, வரி என எதுவாக இருந்தாலும் மெயிலில் வரும் லிங்க்கைத் தொடாமல், நாமே பிரவுசரில் முகவரியைத் தட்டிப் போய்ப் பார்ப்பது. மே 21 அன்று நான் அப்படிச் செய்திருந்தால், என் பெட்டியில் பாதி இடம் காலியாக இருப்பதை அப்போதே பார்த்திருப்பேன்.

கடவுச்சொல் கிடைத்தவர்கள் உடனே எதையும் திருடவில்லை. மூன்று வாரம் எங்கள் கடிதங்களைப் படித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். யாரிடம் எதை வாங்குகிறோம், எவ்வளவு முன்பணம் கொடுக்கிறோம், எந்த வாரத்தில் கொடுக்கிறோம், நான் எப்படி வணக்கம் சொல்லித் தொடங்குகிறேன் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அமைப்புகளுக்குள் போய் இரண்டு விதிகளைப் போட்டிருந்தார்கள். எனக்கு வரும் எல்லா அஞ்சலின் நகலும் வெளியே ஒரு முகவரிக்குப் போக வேண்டும் என்பது ஒன்று. சிவகாசிக் கம்பெனியிடமிருந்து வரும் அஞ்சல்கள் முகப்புப் பெட்டிக்கு வராமல், படித்ததாகக் குறிக்கப்பட்டு, நான் ஒருபோதும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குள் விழ வேண்டும் என்பது மற்றொன்று. ஜூன் 10ஆம் தேதி சிவகாசியிலிருந்து உண்மையான விலை விவரம் வந்து அந்த ஃபோல்டருக்குள் விழுந்து கிடந்திருக்கிறது. நானோ இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அது வந்தது. அதாவது, வந்ததாக நினைத்தேன். அனுப்பியவர் பெயர், கம்பெனிச் சின்னம், பச்சை நிறக் கையெழுத்துப் பகுதி, அதில் இருக்கும் இரண்டு தொலைபேசி எண்கள், கீழே நாங்கள் இதுவரை எழுதிக்கொண்ட நான்கு கடிதங்களும் வரிசையாக. அந்தப் பழைய கடிதங்கள்தான் என்னை நம்ப வைத்தன. நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறவர் வேறு யாராக இருக்க முடியும் என்று மனம் கேள்வியே கேட்கவில்லை. ஒரு பதில் அஞ்சலின் கீழே ஓடும் பழைய கடிதங்கள் எதற்கும் சான்று ஆகாது. அது வெறும் நகல், யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், ஒட்டும்போது திருத்தவும் செய்யலாம். சின்னமும் நிறமும் அப்படியே. லெட்டர்ஹெட் அச்சடிக்க ஒரு காலத்தில் அச்சகம் வேண்டும். மெயிலில் அதை நகலெடுத்து ஒட்ட ஒரு நிமிடம் போதும். பல ஆண்டுகளாகக் காகிதத்தைப் பார்த்தே பழகிய என் கண், அச்சும் முத்திரையும் சரியாக இருந்தால் கடிதம் சரி என்று முடிவு செய்யும் பழக்கத்தை மெயிலுக்கும் கொண்டுவந்துவிட்டது.

அனுப்பியவரின் முகவரியை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். அந்தக் கம்பெனியின் பெயரில் ஓரிடத்தில் ஆங்கில 'எம்' எழுத்து வரும். வந்திருந்த முகவரியில் அதற்குப் பதிலாக 'ஆர்', 'என்' என்ற இரண்டு சிறிய எழுத்துகள் ஒட்டி நின்றன. சிறிய அளவில் அச்சாகும்போது இரண்டும் சேர்ந்து 'எம்' போலவே தெரியும். இப்போது தெரிந்த பிறகும் எனக்கு அதை வேறுபடுத்தக் கண்ணாடியைச் சரிசெய்து பார்க்க வேண்டியிருக்கிறது. கணக்குத் தணிக்கை நடப்பதால் பழைய வங்கிக் கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, முன்பணத்தைக் கீழ்க்கண்ட கணக்கிற்கு அனுப்பவும் என்று அதில் இருந்தது. நான் திறந்து படித்துக்கொண்டிருந்த பத்தாவது நிமிடத்தில் அடுத்த மெயில் வந்தது: நாளை மதியத்துக்குள் பணம் வந்தால் வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றிவிடுவோம், இல்லாவிட்டால் அடுத்த வாரம்தான். நான் படிக்கும் நேரம் பார்த்து எப்படி வந்தது என்பதற்கும் தம்பிதான் விளக்கம் சொன்னான். அஞ்சலுக்குள் ஒரு புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படம் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் படம் அஞ்சலோடு வருவதில்லை. நாம் திறக்கும்போது அனுப்பியவரின் கணினியிலிருந்து எடுக்கப்படும். எடுக்கப்பட்ட நொடியில், இன்னார் இன்ன நேரத்தில் திறந்தார் என்பது அங்கே பதிவாகிவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் லேபிள் மாதிரிகளைப் படமாக அனுப்புவார்கள் என்பதற்காக நான்தான் எல்லாப் படங்களும் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தேன்.

மறுநாள் வங்கியின் இணையதளத்தில் புதிய கணக்கைச் சேர்த்து, பெரிய தொகைகளை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனே அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். முறையில் பணத்தை அனுப்பினேன். பெயர் கேட்கும் இடத்தில் சிவகாசிக் கம்பெனியின் பெயரை எழுதினேன். எந்த மறுப்பும் வரவில்லை. அந்த நாளில் வங்கிகளுக்கு இடையிலான பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை வைத்தே பணம் சேர்ந்துவிடும், நாம் எழுதும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படாது என்பது எனக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 ஏப்ரல் 1 முதல் ஆர்.டி.ஜி.எஸ்., என்.இ.எஃப்.டி. இரண்டிலும் பணம் அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதி வந்துவிட்டது. அந்தப் பெயரைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். இன்னொன்றையும் நான் பார்த்திருக்கலாம். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் 11 எழுத்துகளில் முதல் நான்கு வங்கியையும் கடைசி ஆறு கிளையையும் குறிக்கும். இணையத்தில் தேடினால் எந்த ஊர்க் கிளை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கிளை வடமாநிலம் ஒன்றில் இருந்தது. சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவருக்கு அங்கே கணக்கு எதற்கு என்று அப்போதே தோன்றியிருக்கும்.

ஜூன் 15, சனிக்கிழமை மாலை நான்கு மணி. முந்தைய நள்ளிரவோடு தடை முடிந்து படகுகள் கிளம்பும் பரபரப்பில் கரையே இருந்தது. சிவகாசி மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், அட்வான்ஸ் இன்னும் வரலையே, இந்தத் தடவை பெட்டி வேண்டாமா?" என்று இயல்பாகக் கேட்டார். நான் புதன்கிழமையே அனுப்பிவிட்டேன் என்றேன். எந்தக் கணக்கிற்கு என்று கேட்டார். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்களுக்கு அப்படி ஒரு கணக்கே இல்லைங்க மேடம்" என்றார். நாற்காலியில் இருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண், "என்னக்கா, முகமெல்லாம் வேர்க்குது?" என்று கேட்டதற்குத் தலைவலி என்று பொய் சொன்னேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது. நான் அன்று யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை, ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை பக்ரீத் விடுமுறை என மூன்று நாட்கள் என்னிடமே வைத்துக்கொண்டேன். முதலாளி வீட்டில் பண்டிகை, அந்த நேரத்தில் போய்ச் சொல்வதா என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன். பதினொரு ஆண்டில் ஒரு ரூபாய் கணக்குப் பிசகியதில்லை என்ற பெயர் போய்விடும், வேலை போய்விடும், நானே உடந்தை என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். இரவில் நகைகளைக் கணக்குப் பார்த்தேன். அடகு வைத்து யாருக்கும் தெரியாமல் பணத்தைக் கட்டிவிட முடியுமா என்று யோசித்தேன். செவ்வாய்க்கிழமை காலை என் கணவர்தான் முகத்தைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டு, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் முதலாளி முன்னால் நிறுத்தினார். முதலாளி ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "சனிக்கிழமையே சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அந்த ஒரு வாக்கியம் அளவுக்கு வலித்திருக்காது. பின்னால் விசாரணையில் தெரிந்தது: என் பணம் முதல் கணக்கிலிருந்து நான்கு கணக்குகளுக்குப் பிரிந்து போயிருக்கிறது, அதில் ஒன்றில் சனிக்கிழமை இரவு வரை 1,90,000 ரூபாய் அப்படியே இருந்து, ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்பட்டிருக்கிறது.

பணம் தவறான கணக்கிற்குப் போனது தெரிந்த நொடியே 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது இணையவழிப் பண மோசடிகளுக்கான தேசிய உதவி எண். விடுமுறை நாளிலும் அழைக்கலாம். அங்கே பதிவாகும் புகார் பணம் போன வங்கிக்குப் போய், மிச்சமிருக்கும் தொகையை முடக்க வழி செய்கிறது. அழைக்கும்போது பரிமாற்ற எண்ணையும் நேரத்தையும் பெற்றவரின் கணக்கு எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் அதே மணிநேரத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். நான் செவ்வாய்க்கிழமை அழைத்தபோது முடக்க முடிந்தது 71,400 ரூபாய் மட்டுமே. அதைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. ஏழு மாதம் ஆனது. அதற்காக 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராமநாதபுரத்துக்குப் பதினான்கு முறை பஸ்ஸில் போய் வந்தேன். அனுமதியில்லாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதை நம்பி வங்கிக்கும் போனேன். இங்கே அனுப்பியது நானே, என் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கொடுத்து. ஆகவே அந்தப் பாதுகாப்பு எனக்குப் பொருந்தவில்லை. வந்த மெயில் ஏமாற்று என்பதால் நான் செய்த பரிமாற்றம் அனுமதியற்றதாகிவிடாது என்பதை அந்த மேசையின் முன்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

சான்றுகள் விஷயத்திலும் தவறு செய்தேன். மே 21 அன்று அழித்த மெயில், குப்பைக் கூடையில் 30 நாள் கழிந்ததும் தானாகப் போய்விட்டது. விசாரணை அதிகாரி கேட்டபோது என்னிடம் இல்லை. சந்தேகத்துக்குரிய மெயிலை அருவருப்பில் அழித்துவிடத் தோன்றும், அழிக்காதீர்கள். மற்றவருக்குக் காட்ட ஃபார்வர்டு செய்தாலும் அது எந்த வழியாக வந்தது என்ற தலைப்பு விவரம் போய்விடும். மூல அஞ்சலையே கோப்பாகச் சேமித்துக் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய தவறு வேறொன்று. சனிக்கிழமை இரவே கடவுச்சொல்லை மாற்றிவிட்டதால் இனி அவர்களால் உள்ளே வர முடியாது என்று நம்பினேன். நகல் அனுப்பும் விதி அப்படியே இருந்தது. புதன்கிழமை தம்பி தொலைபேசியில் வழிசொல்லி நான் அதைக் கண்டுபிடிக்கும் வரை, எங்கள் கடிதங்கள் மேலும் நான்கு நாட்கள் அவர்களுக்குப் போய்க்கொண்டே இருந்தன. கதவுக்குப் பூட்டை மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே இருந்து வெளியே போகும் குழாயையும் தேட வேண்டும். ஃபார்வர்டிங், ஃபில்டர் அமைப்புகளைத் திறந்து நாம் போடாத விதிகளை நீக்க வேண்டும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற வேண்டும். கணக்கை மீட்கக் கொடுத்திருக்கும் தொலைபேசி எண்ணும் மாற்று முகவரியும் நம்முடையவைதானா என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்க வேண்டும்.

இன்று எங்கள் அலுவலகத்தில் மெயில்களை வெறும் எழுத்தாகத்தான் படிக்கிறோம். மெயில் படிக்கும் செயலியான அவுட்லுக்கின் கிளாசிக் வடிவத்தில் டிரஸ்ட் சென்டர் என்ற பகுதியில், எல்லா மெயிலையும் பிளெய்ன் டெக்ஸ்ட்டாகப் படிக்கும் வசதி உள்ளது. தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில் வியூ பட்டியலில் மெசேஜ் பாடி ஆஸ் என்பதன் கீழ் அதுவே உள்ளது. ஜிமெயிலில் வெளிப் படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி அமைப்புகளில் மாற்றலாம். வெறும் எழுத்தாக வைத்தால் சின்னமும் நிறமும் பொத்தானும் உதிர்ந்துவிடும். அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும், மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக இருந்த லிங்க்குகளின் அடி முகவரி பல நேரங்களில் எழுத்தாகவே வெளியே வந்து நிற்கும். முதல் வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். அட்டவணைகள் கலைந்துபோகின்றன, வெளிநாட்டுக் கடிதங்கள் படிக்க அசிங்கமாக இருக்கின்றன என்றார்கள். உண்மைதான். தேவைப்படும்போது, அனுப்பியவரை உறுதி செய்த பிறகு, அந்த ஒரு கடிதத்தை மட்டும் முழு வடிவில் திறந்துகொள்ளலாம் என்று வைத்தோம். இதில் தம்பி இன்னொரு காரணமும் சொன்னான். 1999இல் பரவிய காக் என்ற புழு (தானாகவே பரவும் தீய நிரல்), அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இப்படி வடிவமைத்த கடிதத்தைத் திறந்து பார்த்ததாலேயே கணினிக்குள் நுழைந்தது. 2018இல் ஜெர்மனி, பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் இஃபெயில் என்று பெயரிட்டு வெளியிட்ட குறைபாட்டில், ரகசியமாகக் குறியாக்கம் செய்த மெயில்களின் உள்ளடக்கமே எச்.டி.எம்.எல். படக் குறிகளின் வழியாக வெளியே கசிந்தது. பழைய ஓட்டைகளை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு கடிதத்துக்குள் எவ்வளவு இயந்திரம் இருக்கிறதோ அவ்வளவு ஓட்டைக்கும் இடம் இருக்கிறது.

ஜிமெயிலில் ஷோ ஒரிஜினல் என்பதை அழுத்தினால் மெயில் உண்மையாகவே அந்த முகவரியிலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். தோல்வி என்று இருந்தால் அந்த மெயிலை நம்ப வேண்டாம். ஆனால் தேர்ச்சி என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எனக்கு வந்த போலி மெயில் மூன்றிலும் தேர்ச்சி பெற்றிருந்தது, ஏனென்றால் 'எம்' போலத் தெரிந்த அந்த முகவரியை அவர்களே விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள். அந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அது யாருடைய முகவரி என்பதை அந்தச் சோதனை சொல்லாது. கைப்பேசியில் மெயில் பார்க்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: அங்கே பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரியும், முகவரி மறைந்திருக்கும். பணம் பற்றிய எதையும் கைப்பேசியில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

ஆகஸ்ட் மாதம் மறுபடியும் முயன்றார்கள். தணிக்கை அறிக்கை என்று ஒரு மெயில் வந்தது, அதில் லிங்க் எதுவும் இல்லை, இணைப்புக் கோப்பு ஒன்று மட்டும் இருந்தது. பக்கத்து மேசைப் பெண், "அக்கா, இது பி.டி.எஃப். இல்லை, கடைசியில் எச்.டி.எம்.எல். என்று இருக்கிறது, திறக்கலாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எங்களைக் காப்பாற்றியது. அப்படிப்பட்ட கோப்பைத் திறந்தால் போலி உள்நுழைவுப் பக்கம் நம் கணினியிலிருந்தே திறக்கும். முகவரிப் பட்டையில் சந்தேகப்பட எந்தத் தளத்தின் பெயரும் இருக்காது. விலைப்பட்டியலோ அறிக்கையோ அந்த வடிவில் வர வேண்டிய தேவை எங்கள் தொழிலில் கிடையாது. அதனால் திறப்பதே இல்லை என்று முடிவு செய்தோம்.

கடைசியில் நிறுவனத்துக்கு நின்ற இழப்பு 4,14,600 ரூபாய். பெட்டிகள் பத்து நாள் தாமதமாக வந்ததால் பக்கத்துக் கம்பெனியில் கடனாகப் பெட்டி வாங்கிக் கட்டினோம். முதலாளி என்னிடம் பணம் கேட்கவில்லை; நானே கேட்டு, மாதம் 3,000 ரூபாய் வீதம் இருபது மாதம் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்கு அது இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

இப்போது சுவரில் ஒரு பதிவேடு தொங்குகிறது. பணம் கொடுக்கும் ஒவ்வொரு கம்பெனியின் தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்களும் அதில் கையால் எழுதப்பட்டுள்ளன. மெயிலின் கீழே இருக்கும் எண்ணை யாரும் அழைப்பதில்லை. பதிவேட்டில் இருக்கும் எண்ணைத்தான் அழைக்கிறோம். கணக்கு மாறினால் இரண்டு பேர் தனித்தனியாகப் பேச வேண்டும், முதலில் ஒரு ரூபாய் அனுப்பி வந்து சேர்ந்ததை அவர்கள் வாயால் கேட்க வேண்டும். கடந்த தடைக்காலத்தில் சிவகாசிக் கம்பெனி உண்மையாகவே வங்கியை மாற்றியது. மெயில் வந்ததும் மேலாளரை அழைத்தேன், கோயிலுக்குப் போயிருந்தார். மாலை அவர் திரும்பும் வரை பணத்தை அனுப்பவில்லை. அழைத்துப் பேசியபோது, "நீங்க கேட்பீங்கன்னு தெரியும் மேடம், பாஸ்புக்கைக் கையிலேயே வச்சிருக்கேன்" என்று சொல்லி எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். லாரி ஒரு நாள் தாமதமாக வந்தது.